உப்பரவம் ஏன் கடிக்கிறது

‘ஏழாழி’ விளையாட்டில் இதுவரை நாற்பது லட்சம் கப்பல்களை உடைத்திருக்கிறதே உப்பரவம் என்கிற கடல் டிராகன், அதன் கோபம் எங்கள் எதிர்வீட்டுக் கோபம். தூத்துக்குடி, பெர்னாந்து குடியிருப்பு, இரண்டாவது மாடி, எட்டாம் எண். ஏழாம் எண் என்னுடையது. நடுவில் நாலடி நடைவழி. இதை வெளியில் சொல்லக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என்னைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் அந்தக் காகிதத்தை மிச்சம் பிடித்திருக்கலாம்.

எட்டாம் எண்ணில் இருப்பவர் லாசர் கொரைரா. அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். கல்யாணம் கிடையாது. ஏன் கிடையாது என்று பதினோரு வருஷமாக விசாரிக்கிறேன், இன்னும் பிடிபடவில்லை. முகம் எந்நேரமும் புளித்த காடியைக் குடித்த மாதிரி இருக்கும். மணி அடித்தால், சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு சாண் திறப்பார். “என்ன மைனி?” என்பார். பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்தியிருக்கும்.

நான் விடுகிற ஆளா? கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து, ஈஸ்டருக்குத் தொதல், நடுவில் ஏதாவது சாக்கு. கிண்ணத்தை நீட்டினால்தான் அந்த ஒரு சாண் சந்தில் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியும். வெறுங்கிண்ணத்தைத் திருப்பித் தருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை, சர்க்கரையாவது ஒரு பிடி போட்டுத்தான் தருவோம். அவரும் தருவார். நாலு மக்ரூன், ரெண்டு எலுமிச்சம்பழம், ஒருதடவை நெத்திலிக் கருவாடு. ஆனால் கையில் தரமாட்டார். பையில் போட்டு என் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார். என் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மூன்று மாடிக்கும் அப்படியே சொல்லியும் வைத்தேன்.

அதனால்தான் அந்தக் கம்பெனிப் பெண் வந்து, “ஆன்ட்டி, இந்தப் பக்கத்துல ஆளுங்களையே பிடிக்காதவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. உட்காரவைத்துக் காபி கொடுத்து, ரெண்டு மணி நேரம் லாசர் புராணம் படித்தேன். அந்தப் பெண் பேர் பிரதீபா. மெட்ராஸ்காரி. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

“இதெல்லாம் எதுக்குப் பிள்ள?” என்று கடைசியில்தான் கேட்டேன்.

“கேம்ல வர்ற அரக்கனுக்கு நாங்க விதி எழுதுவோம் ஆன்ட்டி. இடதுபக்கம் வந்தா கடி, ரெண்டு தடவை அடிபட்டா பதுங்குன்னு. ஆடுறவங்க மூணே நாள்ல கண்டுபிடிச்சிடுறாங்க. அப்புறம் போரடிக்குதுன்னு போயிடுறாங்க. அதனால இப்போ விதி எழுதுறதில்ல. குணம் குடுக்குறோம்.”

“குணத்தை எங்கயிருந்து குடுப்ப?”

“நிஜ ஆள்கிட்ட இருந்துதான். மணிக்கட்டுல ஒரு பட்டை, காதுக்குப் பின்னால ஒரு பொட்டு. ஒரு வருஷம் கழட்டக் கூடாது. அவங்க மனசு எதுக்கு எப்படித் துடிக்குதோ, அதையே அரக்கன் கத்துக்கும். காட்டு ராட்சசனுக்கு மதுரையில ஒரு பஸ் கண்டக்டர். சில்லறை இல்லன்னா அவருக்கு வர்ற கோபம் இருக்கே, பிரமாதம்! கடல் டிராகனுக்குத்தான் ஆள் கிடைக்கல. அதோட எல்லைக்குள்ள யார் வந்தாலும் அதுக்கு ஆகக் கூடாது.”

“அப்போ எதிர்வீட்டைவிட்டா ஆள் கிடையாது” என்றேன். இப்படி லாசருக்கு வேலை வாங்கிக் கொடுத்த புண்ணியவதி நான்தான்.

அவர் எப்படி ஒத்துக்கொண்டார் என்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. பட்டையும் பொட்டும் ஒட்டினார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு திரையை மாட்டி, வளர்கிற டிராகனை அதில் காட்டினார்கள். ரெண்டு வாரத்தில் நடைவழியைத் தாண்டி என் வீட்டுக்குள் குரல் கேட்டது. பதினோரு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது அப்போதுதான்.

“ஏல, சாப்பிட்டியா? எனக்கு இன்னைக்குச் சாளைக் குழம்பு.”

சாப்பாடு, தலைவலி, மழை வருமா வராதா, துறைமுகத்தில் எந்த நாட்டுக் கப்பல் நிற்கிறது. எல்லாம் அதனிடம். காலையில் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ரேடியோ மாதிரி ஓடும். கதவில் காது வைத்துக் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். இங்கே கதவுகள் அவ்வளவு மெல்லிசு.

பதினோராவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து கிண்ணத்தோடு மணி அடித்தேன். அன்றைக்குச் சங்கிலி போட்டிருக்கவில்லை. கதவு தானாகவே முழுசாகத் திறந்துகொண்டது. திரையில் கரும்பச்சைத் தண்ணீர். அதில் தோணித்துறை நீளத்துக்கு ஒரு கழுத்து. உப்பளப் பாத்தி மாதிரி வெள்ளைச் செதில். கண் ஒவ்வொன்றும் லாரி டயர் அளவு. நான் கிண்ணத்தோடு ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

லாசர் அதைப் பார்த்துச் சொன்னார்: “பயப்படாத. இது ஏழாம் நம்பர் மைனி. ஊர்ப்பட்ட பேச்சு பேசும். கடிக்காது.”

என்னை அறிமுகப்படுத்திய அழகைப் பாருங்கள். டிராகன் ஒரு தடவை துள்ளியது. அடுத்த நொடி அடியாழத்துக்குப் போய் மறைந்துவிட்டது.

“ஆள் வந்தா ஒளிஞ்சிரும்” என்றார். “கூச்சம்.”

பிறகு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கதவைச் சாத்தினார்.

அடுத்த வாரமே பிரதீபா வந்தாள். எட்டாம் எண் கதவு ஒருக்களித்திருந்ததால், துணி காயப்போடுகிற சாக்கில் நான் நடைவழியிலேயே நின்றேன்.

“அது யாரையும் கடிக்க மாட்டேங்குது அங்கிள். இன்னும் இருபது நாள்தான் இருக்கு. அதுக்குள்ள ஒரு கப்பலையாவது உடைக்கலன்னா மொத்தமா அழிச்சிட்டு வேற ஆளை வச்சு முதல்ல இருந்து வளர்ப்பாங்க.”

“அழிச்சிட்டுன்னா?”

“அது இருக்காது.”



“உயிர் இல்ல, மிஷின்னு எனக்கும் தெரியும் பிள்ள” என்றார் லாசர். “ஆனா சாப்பிட்டியான்னு நான் கேக்கதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அது எங்கயாவது இருந்துட்டுப் போட்டும். நான் பாக்கக்கூட வேண்டாம். அழிக்க மட்டும் செஞ்சிராதிய.”

நான் காய்ந்த துணியையே மறுபடியும் பிழிந்துகொண்டிருந்தேன்.

பிரதீபா வெளியே வந்ததும் அவளைக் கையைப் பிடித்து என் வீட்டுக்குள் இழுத்துவந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். ஒரு வருஷத்துக் கோடு. காற்றில்லாத நாளில் கடல் கிடக்குமே, அப்படித் தட்டையாகக் கிடந்தது. அங்கங்கே மட்டும் ஈட்டி மாதிரி மேலே எழும்பியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினோரு இடம்.

“இது டிசம்பர் இருபத்தஞ்சு காலை பத்து மணி. இது ஈஸ்டர். இது ஜூன் மூணு, சாயங்காலம் நாலரை” என்றாள். “அந்த நேரத்துல அங்க என்ன நடந்துச்சுன்னுதான் புரியல.”

எனக்குப் புரிந்தது. ஜூன் மூன்று, ‘உங்க வீட்டுல தண்ணி வருதா?’ என்று கேட்கப் போனேன். என் வீட்டில் வந்துகொண்டுதான் இருந்தது.

“அதெல்லாம் நான் மணி அடிச்ச நேரம். பார்த்தியா, என்னைக் கண்டா மனுஷனுக்கு எவ்வளவு கோபம்!”

“கோபம்னா கோடு கீழ இறங்கும் ஆன்ட்டி. இது மேல ஏறியிருக்கு. இது சந்தோஷம்.”

“அந்த மூஞ்சிலயா?”

“மூஞ்சி பட்டைக்குத் தெரியாது. மனசுதான் தெரியும்.” அவளே யோசித்தாள். “அதான் டிராகனும் அப்படிச் செய்யுதா? கப்பல் வந்தா துள்ளுது. உடனே பயந்து ஒளிஞ்சிக்குது. கப்பல் போனப்புறம் அந்த இடத்தையே நாள்பூரா சுத்திச் சுத்தி வருது. சோதனைக்கு ஆடுற பையன் ஒருத்தன் ஈட்டி எறிஞ்சான். இது அந்த ஈட்டியில ஒரு பெரிய மீனைக் குத்தி, கப்பல்ல வச்சிட்டு ஓடிடுச்சு. ஏதோ கோளாறுன்னு மூணு பேர் ராத்திரி பகலா தேடிட்டிருக்காங்க.”

“கோளாறு இல்ல. வெறும் ஈட்டியைத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்லா” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

வழியைச் சொன்னது அவள்தான். செய்தது நான். பங்கு பிரிக்கிறபோது சரியாகப் பிரிக்க வேண்டும்.

“அவருக்கு மணிச் சத்தம் பிடிக்காமப் போகணும் ஆன்ட்டி. நீங்க அடிங்க. ஆனா அவர் திறக்கும்போது அங்க நிக்காதீங்க.”

“அவர்கிட்டயே சொல்லிட்டுச் செஞ்சா என்ன?”

“சொன்னா நடிப்பார். நடிப்பைப் பட்டை எடுத்துக்காது.”

டிராகன் பிழைக்க வேண்டும், அதுதான் அவர் கேட்டது, அவர் கேட்டதைத்தானே செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், தினமும் சாயங்காலம் பிரதீபா போன் பண்ணி ‘இன்னைக்கு என்ன ஆச்சு ஆன்ட்டி?’ என்று கேட்பதும் எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. இன்னைக்கு என்ன ஆச்சு என்று கேட்க அதற்குப் பிறகு ஆள் இல்லை.

முதல் நாள் காலை பத்து மணி. செருப்பைக் கழற்றிவிட்டு, மணியை அடித்துவிட்டு, ரெண்டே எட்டில் என் வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். கதவிலிருக்கிற கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தேன். லாசர் ஒரு சாண் திறந்தார். ஆளைக் காணோம் என்றதும் சங்கிலியை எடுத்துவிட்டு வெளியே வந்தார். மாடிப்படியை எட்டிப் பார்த்தார். “யாரு?” என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

ரெண்டாம் நாள் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் தலை சீவியிருந்தது. நான் பத்து மணிக்கு அடிக்கிறேன் என்பதால் பத்து மணிக்குத் தயாராக இருக்கிறார் என்று எனக்கு உறைக்க நாலு நாள் ஆனது. பிறகு நேரத்தை மாற்றி மாற்றி அடித்தேன். ஒருநாள் நான் பாய்ந்து திரும்புவதைப் படியேறி வந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர் அருளானந்தம் பார்த்துவிட்டார். “என்ன மைனி, இந்த வயசுல ஓட்டப்பந்தயமா?” என்றார். வாயில் விரலை வைத்து அவரை உள்ளே தள்ளிக் காபி கொடுத்துச் சமாளித்தேன்.

ஒன்பதாம் நாள் கதவு திறக்கவில்லை. “கோடு இறங்க ஆரம்பிச்சிடுச்சு ஆன்ட்டி!” என்று பிரதீபா கத்தினாள். “நேத்து ஒரு படகை முட்டிச்சு!” பதிமூன்றாம் நாள் உள்ளேயிருந்து ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. பதினேழாம் நாள் நான் அடித்த கையோடு கதவு படாரென்று திறந்தது. கையில் திருப்புளி. மணியைச் சுவரிலிருந்து நெம்பிப் பெயர்த்து, ஒயரை இழுத்து அறுத்து, மாடிப்படியில் வீசினார். என் கதவைப் பார்த்து நின்றார். கண்ணாடித் துளைக்கு நேர் எதிரே. நான் மூச்சுவிடவில்லை.

அன்று சாயங்காலம் உப்பரவம் முதல் கப்பலை நடுவில் கடித்து ரெண்டாக உடைத்தது.

இருபதாம் நாள் குணத்தைப் பூட்டினார்கள். இனி அது மாறாது, அழியவும் அழியாது. பட்டையையும் பொட்டையும் திரையையும் கழற்றிக்கொண்டு போனார்கள். விளையாட்டுப் பெட்டி ஒன்று தருகிறேன் என்று பிரதீபா சொன்னதற்கு, “வேண்டாம் பிள்ள. ஆள் தெரியாம என்னைக் கடிச்சிரும்” என்றாராம். எனக்கு ஒரு பெட்டி கொடுத்தாள். நன்றிக்காம். நான் அதைப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்தேன்.

விளையாட்டு வந்தது. கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் உப்பரவத்தைப் பற்றித்தான் பேச்சு. அதற்கு ஏன் இவ்வளவு வெறி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எட்டாம் எண்ணில் மட்டும் பேச்சு நின்றுபோனது. அந்தப் பக்கம் காது கொடுத்தால் காற்றாடிச் சத்தம். பால் பாக்கெட் வாசலிலேயே உச்சி வெயில்வரை கிடக்கும்.

ரெண்டு மாதம் தாங்கினேன். பிறகு ஒருநாள் போய்க் கதவைத் தட்டினேன்.

“யாருமில்ல” என்றது உள்ளேயிருந்து.

“லாசர் அண்ணன், நான்தான். ஒண்ணு சொல்லணும். அந்த மணி... தினமும் அடிச்சது நான்தான்.”

“தெரியும்.”

“எப்போத்தில இருந்து?”

“மொத நாளே. உங்க கதவு சாத்துத சத்தம் எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா அதத்தான கேக்கேன்.”

“அந்த டிராகனைக் காப்பாத்தத்தான் அண்ணன்... கம்பெனிக்காரப் பிள்ளைதான்...”

“அதுவும் ஒரு மாதிரி விளங்கிச்சி. இருக்கட்டும். போங்க மைனி.”

போ என்றதும் போய்விட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, பாரம் இறங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி ரெண்டு மாதம் காற்றாடிச் சத்தம்.

நேற்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. பீரோ மேலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தேன். உள்ளே இருந்த கண்ணாடி செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டதும் வீடு போய்க் கடல் வந்தது. சின்னப் படகு ஒன்றில் நான். கையில் ஒரு ஈட்டியும் கொடுத்திருந்தார்கள். எப்படித் திருப்புவது, எப்படி ஓட்டுவது என்று ஒன்றும் தெரியவில்லை. படகு நின்ற இடத்திலேயே நின்றது. தூரத்தில் யார் யாரோ ஓட்டுகிற பெரிய கப்பல்கள்.

தண்ணீர் கறுத்தது. அந்தக் கழுத்து எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால், படகுக்குப் பக்கத்தில் அது தலையைத் தாழ்த்திக்கொண்டு கிடக்கிறது.

“அம்மா! எறிஞ்சிட்டுத் திரும்பி ஓடுங்க!” என்று ஒரு கப்பலிலிருந்து ஒரு பையன் குரல். நான் அசையாததைப் பார்த்து அவனே ஈட்டியை எறிந்தான். அது உப்பரவத்தின் கழுத்தில் குத்தி நின்றது. உப்பரவம் சும்மா கிடந்தது. அவன் கப்பலைத் திருப்பினான். அவ்வளவுதான். முதுகு தெரிந்த மாத்திரத்தில் கடலே கொதித்தது. கப்பல் ரெண்டு துண்டு. பிறகு உப்பரவம் மெதுவாக என் படகுக்குத் திரும்பி வந்தது.

அடுத்து ஒருவன் வந்தான், அதே கதை. இன்னொருத்தி, அதே கதை. எறிகிறபோது அது கோபப்படுவதில்லை. வருகிறபோதும் கோபப்படுவதில்லை. வந்துவிட்டுத் திரும்பி ஓடுகிறபோதுதான் கடிக்கிறது. நாற்பது லட்சம் கப்பலில் ஒன்றுகூட ஓடாமல் நின்று பார்க்கவில்லை. ஓடத்தெரியாத ஒரு கிழவி வந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. யோசித்தால் எனக்கும் அந்தப் பெருமை கிடையாது. கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்ததில் இந்தக் குடியிருப்பிலேயே நான்தான் முதல்.

குணத்தைப் பூட்டியாகிவிட்டது, மாறாது என்று பிரதீபா சொன்னது டிராகனுக்கு.

செட்டை அணைக்கவில்லை. கழற்றி மேஜையில் வைத்தேன். படகு அங்கேயே நிற்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடைவழிக்கு வந்து, எட்டாம் எண் வாசலில் போட்டு உட்கார்ந்தேன். கதவைத் தட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. மூன்று மணிக்கு உட்கார்ந்தவள். மேல்மாடிக்காரர்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அருளானந்தம் நின்று, “என்ன மைனி, சாவியைத் தொலைச்சிட்டியளா?” என்றார். இல்லை என்றேன். வேறு என்ன என்று கேட்டார். என் வாழ்க்கையிலேயே முதல்தடவையாக, சொல்ல ஒரு விஷயம் இருந்தும் சொல்லாமல் இருந்தேன்.

நாலரை மணி இருக்கும். கதவுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வந்தது. போனது. மறுபடி வந்தது.

“மைனி.”

“ம்.”

“இன்னும் போகலையா?”

“இல்ல.”

கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. கனமான நாற்காலி. கூடத்தைத் தாண்டி, மெதுவாக இழுபட்டு வந்து, கதவுக்கு அந்தப் பக்கம், என் நாற்காலிக்கு நேராக நின்றது. அதில் ஆள் உட்காருகிற சத்தமும் கேட்டது.